உன் படத்தில் இல்லாத ஓர் எழுத்து

கண்ணு,

போன வாரம் நீ பேசிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகவே இருந்தது. உன் படத்தை இந்தியில் எடுக்கப் போகிறார்கள், நீயே இயக்கப் போகிறாய், மும்பைக்கு வீடு மாறப் போகிறாய், அங்கே எல்லோருக்கும் அந்தக் கடைசிக் காட்சிதான் பிடித்திருக்கிறது, அதை ஒரு பாட்டோடு இன்னும் பெரிதாக எடுக்கச் சொல்கிறார்கள் என்று நீ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாய். கடைசிக் காட்சி என்ற வார்த்தை வந்ததும் என் கை தானாகப் போனை வைத்துவிட்டது. பேசினால் கத்திவிடுவேன், எழுதினால் நிதானம் வரும் என்று நினைத்து உட்கார்ந்தேன். நிதானம் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். என் கதையை அன்றைக்கு வெளியிட்ட அதே சிறுபத்திரிகைக்கு இதையும் அனுப்பப் போகிறேன். உன் படத்தை ஊரே பார்த்தது. என் பதிலையும் நாலு பேர் படிக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். "அம்மா, இது வேற மாதிரிப் படம், உனக்குப் புரியாது" என்று மட்டும் சொல்லிவிடாதே. வேற மாதிரிப் படங்களை உனக்குக் காட்டியவளே நான்தான். நீ ஐந்தாவது படிக்கும்போது ஈரோட்டில் ஒரு படம் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஊரில் எல்லா ஆண்களுக்கும் ஒரே மாதிரி மீசை, எல்லா வீட்டுக்கும் நீலக் கதவு, யாரும் முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் ஆளைச் சிரிக்கவைப்பார்கள். இடைவேளையில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. உன் அப்பாவும் வெளியே போய் டீ குடித்துக்கொண்டு உள்ளே வரவே இல்லை. "ஏம்மா எல்லாரும் போறாங்க?" என்று கேட்டாய். "போறவங்க போவட்டும் சாமி, நம்ம இருந்து பாக்கலாம்" என்றேன். இருந்து பார்த்தோம். அந்த நீலக் கதவுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ஒரு கதவு மட்டும் திறக்காமல் போனபோது நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாய். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்றே கேட்டுக்கொண்டு வந்தாய். ஒரே நிறமும் ஒரே மீசையும் வேடிக்கைக்காக மட்டும் இல்லை, நேராகச் சொன்னால் தாங்க முடியாத ஒன்றைக் கையில் கொடுப்பதற்கான வழி அது என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்லூரி விடுமுறையில் நீ மடிக்கணினியில் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டுக் காட்டினாய். வண்ணம் வண்ணமான ஒரு லிஃப்டுக்குள்ளேயே தனியாகக் குடியிருக்கும் ஒரு முதியவரைப் பற்றியது. அடுத்த வருடமே அதைத் தமிழில் எடுத்தார்கள். லிஃப்டுக்கு விளக்குப் போட்டு ஒரு பாட்டு வைத்தார்கள், முதியவருக்குத் தங்கை ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள், தங்கைக்கு ஒரு வில்லனைக் கொண்டுவந்தார்கள். தியேட்டரிலிருந்து வீடு வரும்வரை நீ வாயை மூடவில்லை. "கலரத் திருடிட்டாங்கம்மா, வலிய விட்டுட்டாங்க" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாய். காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு உன்னைப் பெற்றதில் எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் இப்போது கேட்கிறேன்.

படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சொல்லவேண்டியிருக்கிறது. திருச்செங்கோட்டில் நம் தெருக்கோடியில் இருக்கும் பாவாயி அக்காவைப் பற்றித்தான் நான் என் வாழ்நாளில் எழுதிய ஒரே கதையை எழுதினேன். பாவாயி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. தறிக்கூடத்தில் வேலை செய்தவள். கல்யாணமான சில வருடங்களில் அவள் கணவர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே ராய்ப்பூர் பக்கம் போனார். முதலில் பணம் வந்தது. பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ரிக்கில் போன ஆட்கள் வந்து சொன்னார்கள். அப்போதும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, முக்கிலிருந்த டெலிபோன் பூத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். பல வருடம் அப்படியே போனது. பிறகு ஒருநாள் காலையில் அவர் கையில் ஒரு பையோடு அவள் வாசலில் வந்து நின்றார். உடம்பு கெட்டிருந்தது. அந்த நேரம் நான் எதிரே தண்ணீர்க் குழாயில் குடத்தோடு நின்றிருந்தேன். அவள் வெளியே வந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போ" என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நம் ஊரில் கைக்குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்றுதான் கொஞ்சுவோம். பெண்டாட்டி சண்டையில்கூட புருஷனைப் 'போங்க' என்றுதான் சொல்லுவாள். அந்த 'ங்க'வை விட்டுவிட்டு அவள் சொன்ன அந்த ஒரே எழுத்துக்காகத்தான் நான் கதை எழுதினேன். கோழித்தீவனக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த எனக்கு இலக்கியம் எதுவும் தெரியாது. எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் அக்காவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். "பேர மாத்திரு புள்ள" என்றாள். பிறகு, "கொழந்தையப் பத்தி எழுதியிருக்கறயே, அத எடுத்துரு. அது எனக்கும் அதுக்கும் உள்ளது" என்றாள். எடுத்துவிட்டேன். "அந்தப் 'போ' மட்டும் இருக்கட்டும். அது என்ற சொத்து" என்று சொல்லிச் சிரித்தாள்.

நீ அந்தக் கதையைப் படமாக எடுக்கிறேன் என்றபோது தமிழில் எடுக்க நான் கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்கும் சந்தோஷம். படம் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். டிக்கெட் கிழிப்பவரிடம், "நம்ம தம்பி படமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

படம் ஆரம்பித்தது. தறிக்கூடம் வெளிர்ப்பச்சை. சுவர்கள் ரோஜா நிறம். தறி ஓட்டும் பெண்கள் எல்லோருக்கும் மஞ்சள் சேலை, எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்புகிறார்கள். ரிக் வண்டி விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. உன் பாவாயி திரையின் நட்டநடுவில் கையில் குடையோடு நின்று, பாடப்புத்தகத்தை வாசிப்பது மாதிரிப் பேசினாள். அழகாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. டெலிபோன் பூத்துக் காட்சியில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் போன் ஒரு தினுசாக ஒலிக்க, அவள் எடுத்து, "தவறான எண்" என்று சொல்லிவிட்டு வைக்க, தியேட்டரே சிரித்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்காவும் சிரித்தாள். "நெசமாலுமே சிரிப்பாத்தான் இருக்குது புள்ள. அப்ப யாராச்சும் பாத்திருந்தா இப்படித்தான் சிரிச்சிருப்பாங்க" என்றாள். அவள் உன்னை அந்த இடத்தில் மன்னித்துவிட்டாள். நானும் மன்னித்துவிட்டேன். அதைக் குறித்துக்கொள். உன் நிறத்தின் மேலோ குடையின் மேலோ எங்களுக்குக் கோபம் இல்லை.

பிறகு கணவர் திரும்பி வரும் காட்சி. அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ரிக் வண்டி பூ அலங்காரத்தோடு வந்தது. உன் பாவாயி குடையை வீசிவிட்டு ஓடினாள். மெதுவாக, மெதுவாக ஓடி, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வானத்திலிருந்து வண்ணக் காகிதம் கொட்டியது. மஞ்சள் சேலைப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். தியேட்டரும் தட்டியது. விளக்குப் போட்டார்கள், பெயர்கள் ஓடின, ஜனங்கள் எழுந்து போனார்கள். அக்கா எழவில்லை. "போலாமா அக்கா?" என்றேன். "இரு புள்ள, இன்னும் வரல" என்றாள். கடைசிப் பெயரும் ஓடி, திரை வெள்ளையானது. கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டாள். அப்போதுதான் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்க புள்ள நாஞ் சொன்னது?" என்று கேட்டாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அம்மா, அந்தப் 'போ' படத்தோட டோனுக்கு ரொம்ப கனம்மா. இது ஒரு கற்பனை உலகம். சந்தோஷமா அனுப்பணும்னு புரொடியூசர் சொன்னாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு." டோன்! வருடக்கணக்காக ஒருத்தி பூத்தில் உட்கார்ந்திருந்தது உன் டோனுக்குச் சரியாக இருந்தது. அவள் தனிமை உன் டோனுக்குச் சரியாக இருந்தது. அவள் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியது மட்டும் கனமாகிவிட்டதா? கனத்தைத் தூக்கத்தானே இத்தனை நிறமும் குடையும் வைத்தாய்? அதையும் தூக்காவிட்டால் பிறகு அவை எதற்கு? பெயிண்ட் கடை விளம்பரத்துக்கா? அன்று உனக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. முதல் படம், பையன் வாடிவிடுவான் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அடுத்து நடந்ததை நீ இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. சுற்றிவரும் ஒரு வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு, "அய்யோ பாவம்" என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய்.

அக்கா 'போ' என்று சொல்லி அனுப்பிய பிறகு அவள் கணவர் இத்தனை வருடமும் ஆத்தூரில் தன் தங்கை வீட்டில் இருந்தார். அவரும் தங்கை குடும்பமும் உன் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். கதை யாருடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு கார் வந்து நம் தெருவில் நின்றது. தங்கை இறங்கினாள், கையில் பழத்தட்டு, பூ, புதுச்சேலை. சேலை என்ன நிறம் என்று சொல்லவா? மஞ்சள். பின்னால் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் உன் படம் பார்த்தவர்கள். எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு, கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி. போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஓடிப்போய் அக்கா பக்கத்தில் நின்றேன்.

"அண்ணி, பழசையெல்லாம் மறந்துடுங்க. படத்துலயே சேந்துட்டீங்களே, இன்னும் என்ன?" என்றாள் தங்கை.

அவர் அழுதார். "பாவாயி, நீ ஓடி வந்த பாரு... அதப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமில்ல" என்றார்.

"அது நானில்லீங்க" என்றாள் அக்கா.

'இல்லீங்க' என்றாள், கண்ணு. தெருவே பார்க்கிறதே என்று அந்த 'ங்க' அவள் வாயில் திரும்ப வந்துவிட்டது. எனக்கு அந்த இடத்தில்தான் பகீரென்றது. பக்கத்து வீட்டுக்காரம்மா, "அட, வயசான காலத்துல என்ன வீம்பு பாவாயி? சேத்துக்க" என்றாள். இன்னொருத்தர், "ஒரு தாலி கட்டுன மனுசன் அழுவறாரு, கல்லு மாதிரி நிக்கறயே" என்றார். முதல் முறை அவர் வந்தபோது இதே தெரு வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரே எழுத்துக்குப் பயந்து, மரியாதை கொடுத்து, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. இந்த முறை அவர்கள் கையில் உன் படம் இருந்தது. இவள் ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டியவள்தானே, நாங்களே பார்த்தோமே என்று அவர்களுக்கு ஒரு உரிமை வந்துவிட்டது.

அக்கா பேசினாள். தன் வாழ்நாளில் யாருக்கும் விளக்கம் சொல்லாதவள், நடுத்தெருவில் நின்று விளக்கம் சொன்னாள். "என்ற புள்ள காச்சல்ல கெடந்தப்ப ரிக் ஆபீசுக்கு நடந்து போயிச் சொன்னேன். அவுங்க இவருக்குச் சொல்லிட்டாங்க. சொன்னது இவுரு காதுக்குப் போயிருச்சுன்னு வண்டி டிரைவரே வந்து எங்கிட்டச் சொன்னாப்ல. இவுரு வரல. செத்ததுக்கும் வரல. அத மண்ணுல வெக்கறதுக்கு என்ற கூட நின்னது இந்தப் புள்ளதான்" என்று என்னைக் காட்டினாள். "அதுக்கப்பறமும் நா ஏன் பூத்துல போயி உக்காந்தேன் தெரியுமுங்களா? வருவாருன்னு இல்ல. ஒரு தடவ போன் வந்தா, ஏன் வரலன்னு கேக்கோணும்னு. இப்பக் கேக்கறேன். சொல்லுங்க, ஏன் வரல?"

அவர் தலைகுனிந்து நின்றார். தங்கை பழத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். கார் திரும்பிப் போனது. தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் போன்களில் எல்லாம் பதிவாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் சேலம், நாமக்கல் எல்லாம் சுற்றிவிட்டது. அவள் தனக்கும் தன் குழந்தைக்கும் மட்டும் என்று வைத்திருந்த ஒன்று, நான் கதையில்கூட எழுதாமல் காப்பாற்றிக் கொடுத்த ஒன்று, சந்தைக்கு வந்துவிட்டது. அதற்கு யாரோ சோகப் பாட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இதை இங்கே எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "ஊரே பாத்துருச்சு. நீ எழுதுனாலாச்சும் ஒழுங்கா எழுதுவ" என்றாள்.

முதல் முறை ஒரு எழுத்து போதுமாக இருந்தது. உன் படம் வந்த பிறகு அவளுக்குத் தன் குழந்தையின் சாவையே எடுத்துப் பேசவேண்டியதாகிவிட்டது. உன் சந்தோஷமான முடிவுக்கு அவள் கொடுத்தது அதுதான். நீ கெட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். யார் மனதையும் நோகடிக்க நினைத்து நீ எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. நீ அவளை நினைக்கவே இல்லை. சுவருக்கு எந்த ரோஜா நிறம் என்று ஒரு மாதம் யோசித்ததாகப் பேட்டியில் சொன்னாய். சென்னையிலிருந்து ஒரு தடவை வந்து, அவள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்து, "பெரியம்மா, கடைசிய மாத்தட்டுமா?" என்று கேட்க உனக்கு நேரம் இல்லை. கதையை மாற்றாமல் படம் எடுக்க முடியாது என்று எனக்கும் தெரியும். பூத்தை மாற்று, குடையைக் கொடு, ரிக்கைப் பறக்கவிடு. ஆனால் ஒரு மனுஷி எதனால் அந்த மனுஷியாக இருக்கிறாளோ, அதில் கை வைக்கும்போது அவளைக் கேள். செத்துப்போனவர்கள் கதையென்றால் அவர்களைச் சேர்ந்தவர்களைக் கேள். யாருமே இல்லையென்றால் உன்னையே இரண்டு தடவை கேட்டுக்கொள். நீ இன்னும் நிறையப் படம் எடுப்பாய். இதை மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் எடுத்துக்கொண்டு போ.

நேற்று மும்பைக் கம்பெனியின் ஆள் ஒருவர் ஒப்பந்தக் காகிதத்தோடு வந்தார். நல்ல பையன். இந்தியில் எடுப்பதற்குக் கதையின் உரிமை என்னிடம் இருக்கிறதாம், கையெழுத்து வேண்டுமாம். "இதுல கையெழுத்துப் போட எனக்கு மட்டும் அதிகாரமில்ல தம்பி, இன்னொருத்தங்களக் கேக்கோணும்" என்று சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கதை எழுதியபோது கேட்ட மாதிரி இந்த முறையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று தீர்மானமாக இருந்தேன்.

எல்லாம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லுவாள், நானும் வந்து காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் புளி ஆய்ந்துகொண்டே கேட்டாள். "நம்ம தம்பி நல்லா வரோணும். எடுக்கட்டும். ஆனா நாஞ் சொன்னத வெச்சு எடுக்கட்டும். இல்லாட்டி வேண்டாம்" என்றாள். அதையே காகிதத்தில் எழுதிச் சேர்த்தால்தான் கையெழுத்து என்று அந்தப் பையனிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். கடைசிக் காட்சியில் அவள் ஓடக் கூடாது, சொல்ல வேண்டும். இனி நீயும் அவர்களும் பேசிக்கொள்ளுங்கள். மும்பைக்குப் போகிற வழியில் இங்கே இறங்கி அக்காவைப் பார்த்துவிட்டுப் போ. என்னைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

நான் கிளம்பும்போது அக்கா கூப்பிட்டாள். "ஏம்புள்ள, இந்தியில 'போ'வுக்கு என்னன்னு சொல்லுவாங்க?"

"ஜா" என்றேன்.

"ஜா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. அதுவும் ஒத்த எழுத்துத்தான்" என்றாள். பிறகு புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வடக்கயே அத்தன வருசம் கெடந்த ஆளு. இந்தியில சொன்னாலாச்சும் ஒரே தடவையில புரியும்."